அவலாஞ்சியில் பார்த்த மஞ்சள் கழுத்து விலங்கு எது?

மூடுபனி:
போன வாரம் காலை ஒன்பது மணி இருக்கும், அவலாஞ்சி பக்கம் சோலை ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். விழுந்து கிடந்த மரத்தின்மேல் ஒரு விலங்கு ஓடி வந்து நின்று எங்களையே பார்த்தது. கரும்பழுப்பு உடம்பு, நீண்ட கருத்த வால், தொண்டையிலிருந்து நெஞ்சு வரை மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் பளிச்சென்று இருந்தது. போனை எடுப்பதற்குள் மரத்தில் தாவி மறைந்துவிட்டது. கூட வந்தவர் மரநாய் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை.

காட்டுப்பாதை:
மலையணிலாக இருக்குமோ?

சோலைவாசி:
இரண்டும் இல்லைங்க. மரநாய் இரவில் நடமாடுவது, பகலில் மரப்பொந்தில் தூங்கும். மலையணிலுக்கு அடிவயிறு முழுக்க வெளிறிய நிறம். பட்டப்பகலில், அந்தத் தொண்டையோடு என்றால் அது நீலகிரி மார்ட்டென்தான், கருவெருகு என்றும் சொல்வார்கள். நீர்நாயின் குடும்பம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில் மட்டும்தான் உண்டு, 1851இல்தான் ஹார்ஸ்பீல்டு என்ற விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இமயமலையில் இதன் நெருங்கிய உறவான மஞ்சள் தொண்டை மார்ட்டென் இருக்கிறது. நம்முடையதற்கு மண்டையோட்டில் நெற்றி குழிந்திருக்கும், அதை வைத்துத்தான் முக்கியமாகப் பிரிக்கிறார்கள். எடை இரண்டு கிலோ சொச்சம்தான், ஆனால் அந்த மலையணிலையே துரத்திப் பிடிக்கும். பறவை, உடும்பு, சில்வண்டு எதையும் விடாது, சருகுமானைக்கூட அடித்துத் தின்றதாகப் பதிவு இருக்கிறது. இருபது வருடமாகக் காட்டுக்குள் போகிறேன், நான் பார்த்தது இரண்டே தடவை. இடம், நேரம், என்ன செய்தது எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வனத்துறைக்கு அனுப்பிவிடுங்கள். இதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படித் தற்செயலாகப் பார்த்தவர்கள் எழுதிவைத்ததுதான்.

தேனடை:
இதற்குத் தேன் என்றால் உயிர். பெட்டியைக் கலைக்கிறது என்று அந்தக் காலத்தில் தேனீ வளர்ப்பவர்கள் அடித்துக் கொன்றிருக்கிறார்கள், நினைத்தாலே வயிறு எரிகிறது. முக்கூர்த்தி, இரவிகுளம், களக்காடு என்று அங்கங்கே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது, நடுவில் முழுக்க தேயிலையும் யூகலிப்டஸும். தரையில் ஓடினால் முதுகை வில் மாதிரி வளைத்து வளைத்துத் துள்ளும், கவனித்தீர்களா?

மூடுபனி:
ஆமாம்! அப்படியேதான் துள்ளி வந்தது. குறிப்பு எழுதிவிட்டேன், அந்தத் துள்ளலையும் சேர்த்து இன்றைக்கே அனுப்புகிறேன்.