எங்கள் வீட்டார் – வெள்ளவத்தை (வாட்ஸ்அப் குழு)

நான்: வெள்ளிக்கிழமை விடிய 3 மணிக்குப் பைக்கில் நுவரெலியா போகிறேன். கூட வேலை செய்கிற பெடியன்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். அம்மா, முதலே சொல்லிவிட்டேன், பிறகு ஏசக்கூடாது.

அம்மா: ஜனவரிக் குளிரில் யாராவது அந்த மலைக்குப் பைக்கில் போவார்களா? பஸ்ஸில் போ மகன்.

அக்கா: ஏசியை 24இல் வைத்தாலே போர்வை தேடுகிறவன் 😂

கனடா சித்தப்பா: அதெல்லாம் குளிரா? இங்கே இன்றைக்கு மைனஸ் 14. என் பைக் நவம்பரிலேயே கராஜுக்குள் போய்விட்டது. பற்றரியைக் கழற்றிச் சார்ஜரில் போட்டாயிற்று. பனிக்கு ரோட்டில் கொட்டுகிற உப்பு செயினைத் தின்றுவிடும்.

அக்கா: சித்தப்பா, மைனஸ் கதையை நாளைக்குக் கேட்கிறோம்.

பெரிய மாமா: நான் இரண்டு தரம் போனவன், கேள். எந்தப் பக்கத்தால் போகிறாய்?

நான்: அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன், தலவாக்கலை. ஹைவேயில் பைக்கை விடமாட்டார்கள்தானே.

பெரிய மாமா: சரி. கித்துல்கலவில் "இவ்வளவுதானா" என்று சிரிப்பாய். 1000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். நுவரெலியா 1,868 மீட்டர். இங்கே கொழும்பில் 23 என்றால் அங்கே 11. அதுவும் சும்மா நிற்கிறவனுக்கு. 10 டிகிரியில் 40 வேகத்தில் ஓடினால் உடம்புக்கு 6 மாதிரித்தான்.

நான்: ஜாக்கெட் இருக்கிறது மாமா.

பெரிய மாமா: உடம்பு தாங்கும். விரல்தான் முதலில் போகும். கலியாணத்துக்கு முன்பு ஒருதரம் கிளவ்ஸ் இல்லாமல் போனேன். நானுஓயாவில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினால் ஹெல்மட் வாரைக் கழற்ற முடியவில்லை. விரலெல்லாம் கட்டை. கடைக்கார அம்மா அடுப்படியிலிருந்து வந்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வது போலத் தாடைக்குக் கீழே கையை விட்டுக் கழற்றிவிட்டார். பிளேன்ரீயைக் குடிக்கவில்லை, கிளாஸைப் பொத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் யோசித்தேன், இந்த விரலாலா இவ்வளவு வளைவிலும் பிரேக் பிடித்தேன் என்று.

அம்மா: அண்ணா, இதை ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை?

பெரிய மாமா: சொன்னால் அம்மாவின் காதுக்குப் போயிருக்கும்.

அம்மம்மா: இப்போது வந்துவிட்டது.

அக்கா: 😂😂😂

கனடா சித்தப்பா: ரயரும் விரல் மாதிரித்தான். 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் இறுகிவிடும். அங்கே காலையில் எடுத்த உடனே சரித்துத் திருப்பாதே. கொஞ்சத் தூரம் ஓடிச் சூடேறட்டும்.

நான்: சரி சித்தப்பா. கிளவ்ஸ் வாங்கிவிட்டேன், கம்பளி. வேறு?

பெரிய மாமா: கம்பளிக்கு மேலே நனையாத உறை ஒன்று போடு. மூடுபனியில் கம்பளி ஊறினால் காற்றில் விரல் விறைத்துவிடும். ஹெல்மட் கண்ணாடியை முழுக்க மூடாதே, மூச்சில் ஆவி படியும். அப்புறம் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சில் பேப்பர் வை. காற்றை மறிக்க அதைவிட மலிவான சாமான் இல்லை. ஞாயிறு வீரகேசரி என்றால் தடிப்பு.

நான்: அம்மம்மா, ஞாயிறு பேப்பர் எங்கே?

அம்மம்மா: என் தலையணைக்குக் கீழே. குறுக்கெழுத்து இன்னும் முடியவில்லை, அதைத் தொடாதே. மற்றதை எடு.

அம்மா: மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் நெஞ்சில் வைக்காதே மகன்.