பூனைக் கதவு மாட்டிய பிளைவூட் கதவு உப்புகிறது, உதவி வேண்டும்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட்டில் பழைய தோட்ட வீடு எங்களுடையது. மூன்று வாரத்துக்கு முன் பின்வாசல் பிளைவூட் கதவை அறுத்து, காந்தத்தில் மூடும் பூனைக் கதவு (பூனை தள்ளிக்கொண்டு போய்வரும் சின்ன மடல் கதவு) மாட்டினேன். கதவின் கனம் 38 மில்லிமீட்டர். அறுத்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு பலகைக்கும் நடுவே வெறும் அட்டைக் கூடுதான்.

திருகாணியை இறுக்கினால் பலகை உள்வாங்குகிறது. பூனைக் கதவின் சட்டம் வளைந்து, மடல் பாதியிலேயே சிக்குகிறது. சாயங்கால மழைக்கு ஓரத்தில் தண்ணீர் இறங்கி, கீழ்ப்பக்கம் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. நீளமான திருகாணி மாற்றினேன், பிடிக்கவில்லை. சிலிக்கோன் பூசினேன், இரண்டே மழையில் உரிந்துவிட்டது.

எங்கள் பூனை கருப்பிக்கு எட்டு வயது. தலையால் முட்டிப் பார்த்துவிட்டு, நனைந்தபடி வெளியே உட்கார்ந்து கத்துகிறாள். மனசு கேட்கவில்லை.

உப்பியதை வெட்டியெடுத்து, ஓட்டையின் நான்கு பக்கமும் உள்ளே மரச்சட்டம் செருகினால் தாங்குமா, இல்லை கதவையே மாற்ற வேண்டுமா?