சாம்ப்ளருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

இரண்டு மாதமாகக் கைப்பூத்தையல் பழகுகிறேன். ஆசை வந்தது ஒரு சாம்ப்ளரின் (sampler) படத்தைப் பார்த்து; பலவகைத் தையல்களையும் பூவேலைகளையும் ஒரே துணியில் தைத்து வைப்பதுதான் சாம்ப்ளர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள துணி அது. ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598இல் தைத்தது. ஆண்டு குறித்த ஆங்கிலேயச் சாம்ப்ளர்களில் கிடைத்தவற்றுள் இதுவே பழையது. லினன் துணியில் பட்டு நூல், உலோக இழை, பொடி முத்துகள். சங்கிலித் தையல், காஜாத் தையல், முடிச்சுத் தையல் எல்லாம் ஒரே துணியில். மேலே நாயும் சிங்கமும். கூடவே எழுத்து வரிசை. அப்புறம், 1596 நவம்பர் 23 செவ்வாய் பிற்பகலில் ஆலிஸ் லீ பிறந்த செய்தி!

இதற்கு "மாதிரித்துணி" சரிவராது. ஜவுளிக்கடையில் வெட்டித் தரும் சாம்பிள் பிட்டும் மாதிரித்துணிதானே? "பயில்துணி" பாதி பொருந்தும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பள்ளிச் சிறுமிகள் பாடமாகத் தைத்தவற்றை அப்படிச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் இது குறிப்பேடு மாதிரி. எங்கோ கண்ட தையலையும் பூவையும் மறந்துபோகாமல் தைத்து வைத்துக்கொள்வார்கள். 17ஆம் நூற்றாண்டுத் துணிகள் நீளமாக, குறுகலாக இருக்கும். சுருட்டி வைத்து, தேவைப்படும்போது விரித்துப் பார்ப்பது வழக்கம்.

நான் சொல்வது: தையற்சுவடி.

*

சுவடி என்றாலே பனையோலைதான் கண்ணில் நிற்கிறது. துணியைப் போய்ச் சுவடி என்பதா? நாங்கள் ஆசிரியப் பயிற்சியில் துண்டுத் துணிகளில் தைத்து நோட்டில் ஒட்டி மார்க் வாங்கினோம். அதை "தையல் நோட்டு" என்றுதான் சொன்னோம். அதுவே போதாதா?

*

அக்கா, அரிச்சுவடி காகிதத்தில் அச்சாகி எத்தனை காலம் ஆகிறது! ஓலை எங்கே என்று யாராவது கேட்கிறார்களா? எனக்கு இந்தச் சொல் தோன்றியதே அரிச்சுவடியை வைத்துத்தான். பழகுகிறவருக்கும் அது சுவடி, பார்த்துக்கொள்ள எடுத்து வைப்பவருக்கும் சுவடி. நோட்டு என்றால் ஏடு வேண்டும். இது ஒரே துணி. உங்கள் நோட்டையும் தையற்சுவடி என்றே சொல்லலாம், மறுக்க மாட்டேன்.

ஒரே உறுத்தல்: தையலுக்குப் பெண் என்ற பொருளும் உண்டு. இலக்கியக்காரர் யாராவது பெண்களைப் பற்றிய ஓலைக்கட்டு என்று நினைத்துவிடலாம். அதற்குப் பயந்து "ஊசிச்சுவடி" என்றால் மருத்துவமனை வாசனை அடிக்கிறது.

வேறு யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை விக்சனரி இணைய அகராதியில் ஏற்றிவிடுகிறேன். என் சுவடியில் சங்கிலி தேறிவிட்டது, காஜா இன்னும் கோணல்.