பேட்டரியில் ஓடும் தாமஸ் ரயில்: வரிசை பிரிவது 2007-இலா, 2014-இலா?

நீலத்தடம் எழுதியது:

குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரில் வரும் முகமுள்ள நீல எஞ்சினான தாமஸையும் அதன் தோழர்களையும் மாதிரியாகக் கொண்ட, பேட்டரியில் ஓடும் பொம்மை ரயில்களுக்காக நாம் கூட்டாகத் தொகுத்துவரும் பட்டியலில் 2007-ஆம் ஆண்டில் ஒரு கோடு கிழித்து, அதற்கு முந்தையவற்றை 'டோமி வரிசை' என்றும் பிந்தையவற்றை 'டிராக்மாஸ்டர் வரிசை' என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். அந்தக் கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்பது என் வாதம். அதை 2014-க்கு நகர்த்த வேண்டும்.

காரணத்தைச் சற்று முன்னாலிருந்து சொல்கிறேன். பின்னாளில் டோமி எனப் பெயர் பெற்ற ஜப்பானிய நிறுவனம் 1959-இல் கையால் தள்ளும் பிளாஸ்டிக் ரயிலையும் நீல நிறத் தண்டவாளத்தையும் வெளியிட்டது. 1961-இல் அதே தண்டவாளத்தில் பேட்டரியால் ஓடும் ரயில் வந்தது. பிளாரெயில் என்று இன்று உலகம் அறிந்திருக்கும் வரிசையின் பிறப்பு இதுதான். அதன் வளைவுத் துண்டுகள் எட்டைக் கோத்தால் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டம் கிடைக்கும். ஜப்பானிய வீடுகளில் தரையில் அமர்ந்து உண்பதற்கான தாழ்வான மேசையின் மேல் அடங்க வேண்டும் என்று வகுக்கப்பட்ட அளவு அது. இந்த அளவும் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் முறையும் மாறாததால், அறுபது ஆண்டுப் பழமையான துண்டை இன்று கடைக்கு வரும் துண்டோடு மாட்ட முடிகிறது.

1992-இல் ஜப்பானில் தாமஸ் இந்தக் குடும்பத்துக்குள் வந்தது. 2007-இல் ஜப்பானுக்கு வெளியே, தாமஸின் உரிமையை அப்போது வைத்திருந்த ஹிட் நிறுவனம் டிராக்மாஸ்டர் என்ற பெயரில் விற்பனையைத் தொடங்கியபோது, அட்டைப்பெட்டியில் பெயர் மாறியது. ஆனால் ரயில்கள் பெரும்பாலும் டோமியின் வடிவமைப்பைப் பின்பற்றியே வந்தன, பழுப்பு நிறத் தண்டவாளமும் நீலத் தண்டவாளத்தோடு கோத்துக்கொண்டது. 2010-இல் மேட்டல் குழுமத்தின் பொம்மை நிறுவனமான ஃபிஷர்-பிரைஸ் பொறுப்பேற்ற பிறகும் சில ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 2014-இல்தான் எஞ்சின்களும் தண்டவாளமும் புதிதாக வடிவமைக்கப்பட்டன. பழைய தண்டவாளத்தோடு சேர்க்க இணைப்புத் துண்டு தேவைப்பட்டது. ஒரு பொம்மை ரயில் தன் முன்னோரின் தண்டவாளத்தோடு நேரடியாகச் சேர முடியாமல் போகும் இடம்தான் வரிசை முறியும் இடம்.

பழம்பெட்டி எழுதியது:

நீலத்தடம் அவர்களின் வரலாற்றுச் சுருக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து அவர் எட்டும் முடிவைத்தான் மறுக்கிறேன். நாம் தொகுப்பது தயாரிப்பு வரலாறு. எதை எதோடு சேர்த்து ஓட்டலாம் என்பது விளையாடுபவரின் கேள்வி. யார், எந்த உரிமத்தின்கீழ், எந்தப் பெயரில், எந்தச் சந்தைக்காகச் செய்தார்கள் என்பது சேகரிப்பாளரின் கேள்வி. 2007-இல் பெயரும் பொறுப்பும் சந்தையும் கைமாறின. ஒரு பொருளின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான எல்லைக்கல் வேறென்ன வேண்டும்?

தண்டவாளத்தை அளவுகோலாகக் கொண்டால் வரும் சிக்கலையும் பாருங்கள். நீலத் தண்டவாளத்தில் ஓடும்படி உரிமமின்றிச் செய்யப்பட்ட ரயில்கள் எத்தனையோ உள்ளன. அவையும் இதே வரிசையில் சேருமா? 2011-இல் வந்த பிளாரெயில் அட்வான்ஸ் ரயில்கள் ஒரே தண்டவாளத்தின் அகலத்துக்குள் இரண்டு ரயில்கள் அருகருகே ஓடும்படி ஒடுக்கமாகச் செய்யப்பட்டவை. தண்டவாளம் அதுவேதான் என்பதற்காக அவற்றை 1961-ஆம் ஆண்டு ரயிலின் திரிபு, அதாவது அதன் சிறு மாறுபாடு, என்று யாரும் எழுதுவதில்லை.

நீலத்தடம் எழுதியது:

தண்டவாளம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. தண்டவாளமும், உடல்பகுதியை வார்த்தெடுக்கும் வார்ப்பச்சும் இரண்டும் தொடர வேண்டும் என்கிறேன். போலிகளுக்கு முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. அட்வான்ஸுக்கும் அப்படியே. டோமி காலத்து எஞ்சின் ஒன்றையும் தொடக்கக்கால டிராக்மாஸ்டரில் வந்த அதே எஞ்சினையும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துப் அருகருகே வையுங்கள். அடிப்பகுதியைத் திருப்பிப் பார்க்காமல் எது எது என்று உறுதியாகச் சொல்லப் பழகிய கண்ணுக்கும் நேரம் எடுக்கும். 2014-க்குப் பிந்தையதை அவற்றோடு வைத்தால் அடுத்த அறையிலிருந்தே தெரியும்.

கியர்ச்சக்கரம் எழுதியது:

இருவருமே மேல்கூட்டைப் பார்த்துப் பேசுகிறீர்கள். பழுது பார்க்கும் மேசையிலிருந்து பார்த்தால் படம் வேறு. இந்த ரயில்களில் உயிர் இருப்பது கீழ்ச்சட்டகத்தில்: பேட்டரி அறை, சிறிய மோட்டார், பல்சக்கரத் தொகுதி, ரப்பர் வளையம் மாட்டிய ஓட்டுசக்கரங்கள். தலைமுறை மாற்றம் முதலில் நிகழ்வதும் அங்கேதான்.

தொடக்கக்கால எஞ்சின்களில் பருத்த 'சி' அளவு பேட்டரி ஒன்று படுத்துக் கிடக்கும். பிற்காலத்தில் மெலிந்த 'ஏஏ' அளவுக்கு மாறினார்கள். இரண்டின் நீளமும் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர்தான். பருமன்தான் 26 மில்லிமீட்டரிலிருந்து 14 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்குகிறது. மின்னழுத்தமும் அதே 1.5 வோல்ட். ஆகவே 'ஏஏ' பேட்டரிக்கு உறை போட்டுப் பழைய அறைக்குள் நுழைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு, ஓடவும் செய்யும். ஆனால் ஏற்றப் பாலத்தில் விட்டுப் பாருங்கள். அல்கலைன் 'சி' பேட்டரியின் எடை 'ஏஏ'யின் எடையைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பாரம் சக்கரங்களின் மேல் அமர்ந்துதான் ரப்பர் வளையத்துக்குப் பிடிமானம் கொடுத்தது. பாரம் போனதும் மேட்டின் பாதியில் சக்கரம் சுழல்கிறது, ரயில் நிற்கிறது. மெலிந்த பேட்டரிக்கென்றே புதிதாகச் சட்டகம் வகுத்தவர்கள் எடை எங்கே விழ வேண்டும் என்பதையும் சேர்த்தேதான் யோசித்தாக வேண்டும். 2014-இல் ஃபிஷர்-பிரைஸ் மோட்டார் ரயில்கள் இரண்டு 'ஏஏஏ' பேட்டரிகளுக்கு மாறின. அப்போது மோட்டாருக்குக் கிடைக்கும் மின்னழுத்தமே 3 வோல்ட் ஆகிவிடுகிறது. அது வேறொரு இயந்திரம்.

ஆகையால் பட்டியலில் முதல் பிரிவு பேட்டரி அறையைக் கொண்டு அமைய வேண்டும் என்பது என் கருத்து. பெயரும் தண்டவாளமும் அதற்குப் பின்னால் வரட்டும். 2014-ஐப் பொறுத்தவரை நான் நீலத்தடத்தின் பக்கம். ஆனால் அவர் ஒரே வரிசை என்று கருதும் காலத்துக்குள்ளேயே குறைந்தது இரண்டு தலைமுறைகள் உள்ளன.

பழம்பெட்டி எழுதியது:

பேட்டரி அறை பயனுள்ள குறிப்புதான். ஆயினும் சட்டகம் கழற்றி மாற்றக்கூடிய பாகம். திருகுகளை எடுத்தால் எந்த மேல்கூட்டையும் பொருந்துகிற எந்தச் சட்டகத்திலும் ஏற்றிவிடலாம் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாற்றக்கூடிய ஒன்றை எப்படி முதல் பிரிவாக வைப்பது?

இதற்குப் பதிலாக, தயாரித்தவர்களே அடிப்பகுதியில் பொறித்துவைத்திருக்கும் எழுத்துகளை நம்பலாம். உரிமையாளர் பெயர், ஆண்டு, தயாரித்த நாடு மூன்றும் அங்கே இருக்கின்றன. நாம் வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவர வேண்டியதே இல்லை.

மாலைவண்டி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பொறிப்பைப் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அடிப்பகுதியில் உள்ள ஆண்டைத் தயாரிப்பு ஆண்டாகப் படிக்கும் பழக்கம் இந்தத் துறையில் மிகப் பெரிய குழப்பங்களுக்குக் காரணம். அந்த ஆண்டு பதிப்புரிமையைக் குறிப்பது. வார்ப்பச்சை வெட்டும்போது அதில் எழுதப்பட்டுவிட்டால், அச்சு தேயும்வரையிலோ திருத்தப்படும்வரையிலோ வெளிவரும் ஒவ்வொரு பிரதியும் அதே ஆண்டைச் சுமந்துகொண்டுதான் வரும். 1992 என்று பொறித்திருப்பதால் அது 1992-க்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்று மட்டும் தெரியும். எவ்வளவு பின்னால் செய்யப்பட்டது என்பதற்கு அதில் ஒரு சாட்சியும் இல்லை.

பெயரும் அவ்வாறே. தாமஸ் தொலைக்காட்சித் தொடர் 1984-இல் பிரிட்டனில் தொடங்கியபோது அதைத் தயாரித்தவர் பிரிட் ஆல்கிராஃப்ட். தொடக்கக்கால ரயில்களில் அவர் பெயர் தாங்கிய நிறுவனமே உரிமையாளராகப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த நிறுவனம் 2000-இல் குல்லேன் என்று பெயர் மாறியது; 2002-இல் ஹிட் அதை வாங்கியது; ஹிட்டை மேட்டல் 2012-இல் வாங்கி முடித்தது. இத்தனை கைமாற்றத்துக்குப் பிறகும் உரிமை வரியில் குல்லேன் (தாமஸ்) லிமிடெட் என்ற பெயரே நின்றது, ஏனென்றால் உரிமையைச் சட்டப்படி வைத்திருந்தது அந்தத் துணை நிறுவனம். ஆகவே குல்லேன் பெயரைக் கண்டதும் '2000-க்கும் 2002-க்கும் இடைப்பட்டது, அரியது' என்று எழுதும் விற்பனையாளர்களின் பேச்சை ஏற்க வேண்டாம். ஆல்கிராஃப்ட் பெயரிலிருந்து குல்லேன் பெயருக்கு மாறியது உண்மையான எல்லை. குல்லேனுக்குப் பிறகு அந்த வரி நமக்கு மேற்கொண்டு எதுவும் சொல்வதில்லை.

உண்மையான தயாரிப்பு நாள் வேண்டுமென்றால் மேட்டல் குழுமத்தின் பொருள்களில் தனியாக ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்று எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் நான்காவது எண் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் காட்டும். 1092 என்றிருந்தால் 109-ஆவது நாள், 2-இல் முடியும் ஆண்டு. பத்தாண்டு எது என்பதை வடிவத்தைக் கொண்டு நாமே தீர்மானிக்க வேண்டும். ஃபிஷர்-பிரைஸ் காலத்து ரயில்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. டோமி காலத்துக்கு இப்படியொரு வசதி கிடையாது.

பழம்பெட்டி எழுதியது:

ஆண்டைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். அதனால் என் வாதம் பலவீனமடைவதாக நான் கருதவில்லை. உரிமையாளர் பெயர் மாறும் இடமும் தயாரிப்பு நாடு மாறும் இடமும் இன்னும் நிற்கின்றன. பிளாரெயில் தயாரிப்பு காலப்போக்கில் ஜப்பானிலிருந்து தாய்லாந்து, சீனா, வியட்நாம் என்று நகர்ந்தது. ஒரே எஞ்சின் இரண்டு நாட்டுப் பொறிப்போடு கிடைத்தால் அவை இரண்டு திரிபுகள். இதையாவது எல்லோரும் ஒப்புக்கொள்வோமா?

கியர்ச்சக்கரம் எழுதியது:

நாட்டுப் பெயர் மட்டும் மாறி வேறெதுவும் மாறாவிட்டால் நான் அதைத் துணைக்குறிப்பாகவே எழுதுவேன், தனித் திரிபாக அல்ல. இல்லையென்றால் பட்டியல் வீங்கிக்கொண்டே போகும், படிப்பவருக்கு எது முக்கியம் என்று தெரியாது.

சட்டகத்தை மாற்றிவிடலாம் என்ற ஆட்சேபத்துக்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மாற்றியதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. தொழிற்சாலையில் ஒருமுறை மட்டும் முறுக்கப்பட்ட திருகின் தலையில் குறுக்குப் பள்ளத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். வீட்டில் திறந்து மூடியதில் ஓரம் மழுங்கி, வெள்ளி நிறக் கீறல் தெரியும். அதைவிட நம்பகமானது அழுக்குக் கோடு. மேல்கூடும் சட்டகமும் சேரும் இடத்தில் பல ஆண்டுத் தூசியும் எண்ணெயும் ஒரு மெல்லிய கரும்வரியாகப் படிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தே வளர்ந்தவையானால் அந்த வரி இரு பக்கமும் ஒத்துப்போகும். மாற்றப்பட்டவற்றில் மேல்கூட்டின் விளிம்பில் ஓரிடத்திலும் சட்டகத்தில் வேறிடத்திலும் முறியும்.

நிறத் திரிபு என்று எழுதப்படுபவற்றையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். தாமஸின் நீலம் 'வெளிர் நீலத் திரிபு' என்று ஏலத்தில் வரும்போதெல்லாம் எனக்கு ஐயம்தான். வெயில் பட்ட பிளாஸ்டிக் வெளிறும், வெண்மை மஞ்சளாகும். மேல்கூட்டைக் கழற்றி, சட்டகத்தால் மூடப்பட்டு வெளிச்சமே காணாத உள்விளிம்பைப் பாருங்கள். உள்ளே அடர்நீலம், வெளியே வெளிர்நீலம் என்றால் அது ஜன்னலோரத்தில் இருந்த ரயில். உள்ளும் புறமும் ஒரே வெளிர்நீலமாக இருந்தால்தான் தொழிற்சாலையில் வேறு நிறக் கலவை பயன்பட்டிருக்கக்கூடும் என்று பேசத் தொடங்கலாம்.

ஒரு வேண்டுகோள்: சோதிக்கத் திறக்கும்போது பேட்டரி அறையில் வெள்ளைப் படிவம் இருந்தால் வெறுங்கையால் சுரண்டாதீர்கள். அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறை அணிந்து, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டபின் மூடுங்கள்.

மாலைவண்டி எழுதியது:

நிறத்தைப் பற்றிக் கியர்ச்சக்கரம் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். முகங்களைப் பற்றி மட்டும் ஒரு சொல். தொலைக்காட்சித் தொடர், படம்பிடிக்கப் பயன்படுத்திய மாதிரி ரயில்களைக் கைவிட்டு முழுக் கணினி வரைகலைக்கு மாறிய பின் பாத்திரங்களின் தோற்றமும் மாறியது. எனவே முக வேறுபாடு தென்பட்டால் அது எந்தத் தோற்றத்தைத் தழுவியது என்பதையும் குறிப்பில் எழுதுவோம்.

நீலத்தடம் எழுதியது:

விவாதத்தால் என் முன்மொழிவு கூர்மையடைந்திருக்கிறது, ஆகவே திருத்திய வடிவில் வைக்கிறேன். முதன்மைப் பிரிவு தண்டவாளமும் வார்ப்பச்சும்: 1992 முதல் 2013 வரை ஒன்று, 2014-இலிருந்து மற்றொன்று. ஜப்பானில் 2006-இல் டோமி, டகாராவோடு இணைந்து டகாரா டோமி ஆன பிறகும் பிளாரெயில் தாமஸ் பழைய தண்டவாளத்திலேயே தொடர்ந்ததால், அது முதல் பிரிவிலேயே முடிவு ஆண்டின்றி இருக்கும். ஒவ்வொரு பதிவின்கீழும் பேட்டரி அளவு, அட்டைப்பெட்டிப் பெயர், உரிமை வரி, நாடு என்ற வரிசையில் குறிப்புகள். அடிப்பகுதி ஆண்டை 'இதற்கு முந்தையதன்று' என்ற சொற்களோடு மட்டுமே எழுதுவோம். திறந்து சரிபார்க்கப்படாத எதையும் நிறத் திரிபு என்று சேர்க்க வேண்டாம்.

பழம்பெட்டி எழுதியது:

பெயரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியதை நான் ஏற்கவில்லை. ஜப்பானில் பழைய தண்டவாளத்தில் தொடரும் தாமஸையும், அமெரிக்கச் சந்தைக்கு ஹிட் விற்ற தாமஸையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்தால், 2007-க்குப் பிறகு இரண்டு நிறுவனங்கள் ஒரே பாத்திரத்தை இரண்டு சந்தைகளில் தனித்தனியாக விற்றன என்ற வரலாறே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். முதல் பிரிவுக்குள் 2007-இல் ஒரு துணைத்தலைப்பாவது வேண்டும். அது இருந்தால் 2014-ஐப் பெரிய கோடாக வைப்பதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

கியர்ச்சக்கரம் எழுதியது:

துணைத்தலைப்பு வைக்கலாம். ஆனால் ஹிட் காலத்தில் வந்த எஞ்சின்களில் எவை டோமியின் பழைய வார்ப்பு, எவை புதிதாக வெட்டப்பட்டவை என்பதை ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிட்ட பிறகுதான் அந்தத் தலைப்பின்கீழ் எதையும் நிரப்ப வேண்டும். தாமஸ், ஜேம்ஸ், பெர்சி ஆகிய மூன்று எஞ்சின்களின் கீழ்ச்சட்டகங்களையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் பதிவேற்றுகிறேன். கார்டன் எஞ்சினின் டோமி காலத்துப் பிரதியைத் திறக்காத நிலையில் வைத்திருப்பவர்கள் திருகுத் தலைகளின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.