குறிநிதியா, நேர்ந்த நிதியா?

எல்லாருக்கும் வணக்கம். வியாழன் காலை கிளிநொச்சியில் கூட்டம். பிராந்திய சுகாதாரத் திட்டச் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்து, குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர்களுக்கும் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன். ஒரு வேலைக்கென்றே தந்த பணம், மிஞ்சினாலும் வேறு எதற்கும் தொடக்கூடாது. அதற்கு என்ன பெயர்? 'ஒதுக்கீடு' போதாது, ஒதுக்கியதைத்தான் பிறகு வேறு தலைப்புக்கு மாற்றிவிடுகிறார்களே. மலேரியாவைப் பாருங்கள்: 1963 இல் இலங்கை முழுவதும் 17 நோயாளர்கள்தான். நோய் போய்விட்டதென்று மருந்தடிப்பதைக் கைவிட்டார்கள், 1969 இல் 5 இலட்சத்தைத் தாண்டியது. 2016 இல் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் வந்தது, அதன் பிறகும் மன்னாரில் மலேரியா பரப்பும் அனொபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புது நுளம்பு பிடிபட்டது. நோயாளி இல்லாத நோய்க்குப் பணத்தைக் காப்பாற்றி வைக்கிற சொல் எனக்கு வேண்டும்.

— மல்லாவி

பிள்ளை, முதலில் உங்கள் சுருக்கத்தின் தலைப்பைத் திருத்துங்கள். 'மூலோபாய முன்னுரிமை' என்பதில் மூலமும் வடமொழி, உபாயமும் வடமொழி. தொல்காப்பியர் மரபியலில் நூல் எழுத 32 உத்தி சொல்லியிருக்க நமக்கேன் மூலோபாயம்?

— முள்ளியவளை

சேர், உத்தியும் 'யுக்தி'யிலிருந்து வந்ததுதானே. நூல் அமைக்கும் முறைக்கு வடமொழியில் சொல்லும் தந்திரயுக்திதான் தந்திர உத்தி ஆனது.

— வவுனியா

ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழகத்தில் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஆள் பிரிப்பதை உத்தி பிரிப்பது என்கிறார்கள். இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்ந்து வருவார்கள். ஒத்து, ஒத்தி, உத்தி என்று பாருங்கள், பொருத்துவதுதான் வேர். யுக்திக்கு வடமொழியில் வேராகச் சொல்லும் 'யுஜ்' என்பதற்கும் சேர்த்தல் என்றுதான் பொருள், அதனால் யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதை இன்னும் ஆராய வேண்டும்.

— முள்ளியவளை

சேர், தங்கச்சிக்கு வியாழன் கூட்டம். எங்கள் பக்கம் காட்டில் மேய விடுகிற மாட்டுக்குக் குறி சுடுவோம். எந்தப் பட்டிக்குள் போய் நின்றாலும் குறியைப் பார்த்தால் யாருடைய மாடென்று தெரியும். பணத்துக்கும் அதுதானே வேண்டும்? 'குறிநிதி' என்று போடுங்கள்.

— முழங்காவில்

குறி என்றால் இலக்கு என்றும் படிப்பார்கள், சாத்திரம் கேட்பது என்றும் படிப்பார்கள். 'நேர்ந்த நிதி' நல்லது. அம்மா வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நேர்ந்த காசை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருப்பா. எனக்குக் காய்ச்சல் வந்த இரவு பக்கத்து வீட்டில் கடன் வாங்கினாவே தவிர அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. மடு தேவாலயத்தில் மாதாவுக்கு நேருகிறவர்களுக்கும் இது விளங்கும்.

— துணுக்காய்

விளங்கும் அக்கா, ஆனால் 'விபத்து நேர்ந்தது' என்றும் சொல்கிறோமே. கணக்காய்வுக்காரர் 'நேர்ந்த நிதி'யைப் பார்த்து எப்போது நேர்ந்தது என்று கேட்பார்.

— வவுனியா

அச்சகம் நாளை நாலு மணிக்குள் கேட்கிறது. கணக்காய்வுக்காரர் குழம்பாமல் இருக்க குறிநிதி என்றே போடுகிறேன். அடியில் 'இந்தப் பணத்தை வேறு வேலைக்கு மாற்ற முடியாது' என்று ஒரு வரியும் வரும். சேர், மூலோபாயத்தை மாற்றினால் அமைச்சின் ஆவணத்தோடு பொருந்தாது, அது அப்படியே இருக்கட்டும்.

— மல்லாவி

சரி, இந்த முறை அச்சடியுங்கள். உத்தியை நான் விடவில்லை.

— முள்ளியவளை

தாளில் குறிநிதி இருக்கட்டும் தங்கச்சி. கிளினிக்கில் தாய்மாருக்கு வாசித்துக் காட்டும்போது நான் நேர்ந்து வைத்த காசு என்றுதான் சொல்வேன்.

— துணுக்காய்