டிங்கா வாசிப்புப் புத்தகம்: ரெக் வழக்கா, போர் வழக்கா?

செல்வா_திருச்சி:
அடுத்த மாதம் தெற்கு சூடானில் போர் நகருக்குப் போகிறேன் (ஊர்ப் பெயர்தான், சண்டை இல்லை). ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே பேசும் டிங்கா மொழியில் வாசிப்புப் புத்தகம் கொடுக்கும் வேலை. கையில் இருப்பதெல்லாம் ரெக் என்ற வட்டார வழக்கில் அச்சடித்தவை. ஒரே மொழிதானே, சமாளித்துக்கொள்வார்களா?

நைல்கரை:
பெரியவர்கள் சமாளிப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். அதே நாட்டில் ரும்பெக் நகரில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். அங்கே பேசுவது அகார் வழக்கு. ரெக் மேற்கே பஹ்ர் எல் கஸால் பக்கம், போர் வழக்கு நைலின் கிழக்குக் கரையில், பதாங் வடக்கே. சர்வதேச மொழிக் குறியீட்டில் டிங்காவுக்குள் ஐந்து தனிக் குறியீடுகள் இருக்கின்றன.

அப்புறம் அச்சைக் கவனியுங்கள். மூச்சுக் காற்று கலந்து ஒலிக்கும் உயிருக்குத் தலையில் இரட்டைப் புள்ளி வேண்டும். எழுத்துரு சரியில்லாத அச்சகத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். குறில், நெடில், அதற்கும் நீண்டது என்று மூன்று அளவு வேறு; சுரத்தை (குரலின் ஏற்ற இறக்கத்தை) எழுதுவதே இல்லை. புள்ளியும் போய்விட்டால் பிள்ளை எதை வைத்துப் படிக்கும்?

மதுரைவாசி:
ஆங்கிலம்தானே அங்கே ஆட்சிமொழி? நேராக அதிலேயே தொடங்கினால் என்ன?

நைல்கரை:
முதல் மூன்று வகுப்பு தாய்மொழியில், நான்காவதிலிருந்து ஆங்கிலத்தில் என்பதுதான் அரசின் கொள்கையே. இது புதுசும் இல்லை. 1928-ல் ரெஜாஃப் ஊரில் நடந்த மொழி மாநாட்டிலேயே டிங்காவைப் பள்ளி மொழிகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1957-ல், தெற்கும் சூடானோடு இருந்தபோது, கார்ட்டூம் அரசு மிஷன் பள்ளிகளை எடுத்துக்கொண்டு அரபியைத் திணித்தது. அதில் அறுந்த சங்கிலி இன்னும் ஒட்டவில்லை. என்னைக் கேட்டால், வழக்கைவிடப் பெரிய சிக்கல் டிங்காவை எழுதப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் கிடைப்பதுதான்.

செல்வா_திருச்சி:
சரிதான் அண்ணா. எங்கள் ஆசிரியர்களில் பாதிப் பேர் கென்யாவின் காகுமா அகதிகள் முகாமில் வளர்ந்தவர்களாம்.

நைல்கரை:
அப்படியென்றால் ஆங்கிலம் சரளமாக வரும், டிங்கா பேச்சில் மட்டும் இருக்கும். புத்தகத்தை விநியோகிக்கும் முன் அவர்களில் ஒருவரை முதல் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே போர் வழக்குச் சொல்லை ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். பயிற்சிக்கு மாட்டு நிறப் பெயர்கள் நல்லது. வெள்ளைக் காளை மபியோர் (தெற்கு சூடான் போராட்டத் தலைவர் ஜான் கராங்கின் பெயரில் வருவது), செவலை மலுவால், கறுப்பு வெள்ளை மஜோக். எழுதத் தெரியாதவர்கூட இந்தப் பெயர்கள் என்றால் எழுந்து வந்து கரும்பலகையில் எழுதிப் பார்ப்பார். எழுத்துப்பிழைக்குச் சண்டையும் போடுவார், போடட்டும்.