ராபின் மெக்கென்சி: வலி எங்கே நகர்கிறது என்று கேட்டவர்

பிசியோதெரபி ஆசிரியர், மதுரை

மே 13, நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சியின் நினைவு நாள். 2013-ல், 82 வயதில் மறைந்தார். நம் துறையில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. ஆனால் நம் மாணவர்களுக்கு அவர் 'எக்ஸ்டென்ஷன் எக்ஸர்சைஸ் (முதுகைப் பின்பக்கம் வளைக்கும் பயிற்சி), ஐந்து மார்க்' என்ற அளவில்தான் அறிமுகம். அவர் செய்தது அது மட்டும் இல்லை.

1931-ல் ஆக்லாந்தில் பிறந்தவர். 1952-ல் படிப்பு முடிந்தது, மறு வருடமே வெல்லிங்டனில் கிளினிக் திறந்தார். 1956-ல் அவரிடம் ஒரு நோயாளி வந்தார். ஸ்மித் என்ற பெயரில் மட்டும்தான் அவரை நமக்குத் தெரியும். இடுப்பிலிருந்து முழங்கால் வரை வலி. மூன்று வாரமாக அன்றைக்கு வழக்கத்தில் இருந்த சிகிச்சையெல்லாம் கொடுத்தும் பலன் இல்லை. அன்று, முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி வைத்திருந்தார்கள். "போய்க் குப்புறப் படுங்கள்" என்றதும் ஸ்மித் அந்த மேட்டின் மேலேயே படுத்துவிட்டார். இடுப்பு பின்பக்கமாக நன்றாக வளைந்துவிட்டது. டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் தட்டு) கோளாறுக்கு அப்படி வளைப்பது ஆபத்து என்று நம்பிய காலம் அது. ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்த மெக்கென்சி பதறிப்போனார். ஸ்மித்தோ, மூன்று வாரத்தில் இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை என்றார். கால் வலி போயிருந்தது. முதுகில் ஒரு பக்கமாக இருந்த வலி நடுத்தண்டுக்கு நகர்ந்திருந்தது.

மறுநாளும் அதே நிலையில் படுக்க வைத்தார். நடுவில் இருந்த மிச்ச வலியும் போயிற்று. நம்மில் பலர் அதோடு விட்டிருப்போம். அவர் விடவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் எந்த அசைவு வலியை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டே போனார். பிசியோதெரபிஸ்டுகளுக்கான அவருடைய முதல் பெரிய நூல் வந்தது 1981-ல். அந்தக் கட்டிலுக்கும் அந்த நூலுக்கும் நடுவில் 25 வருட உழைப்பு இருக்கிறது.

அவர் முறையை அன்றாடம் கையாளுகிறவர்கள், எது பலிக்கிறது, எங்கே தவறுகிறது என்று விவரமாக எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும்.

வெளிநோயாளிப் பிரிவு, சேலம்

நான் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது கேள்வி கேட்கும் முறையைத்தான், சார். "வலி குறைஞ்சிருக்கா?" என்று கேட்டால் எதுவும் தெரியாது. "இப்போ வலி எது வரைக்கும் இருக்கு, விரலை வைத்துக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். முதலில் கெண்டைக்கால் வரை இருந்தது, ஓர் அசைவைப் பத்து தடவை செய்த பிறகு தொடையில் நின்றது, அடுத்த பத்தில் பிட்டத்துக்கு ஏறியது என்றால் சரியான திசையில் போகிறோம். இதைத்தான் அவர் சென்ட்ரலைசேஷன் என்றார். அந்த நேரத்தில் நடு இடுப்பில் வலி கொஞ்சம் கூடலாம். நோயாளி பயந்து நிறுத்திவிடுவார். அதனால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வலி கீழே இறங்கினால், பாதத்தில் மரமரப்பு கூடினால், அந்த அசைவை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஒரு தடவை குனியச் சொல்லிப் பார்ப்பது சோதனையே ஆகாது. ஒவ்வோர் அசைவையும் 10 முதல் 15 தடவை செய்ய வைக்க வேண்டும்: நின்று குனிதல், நின்று பின்னால் வளைதல், மல்லாந்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருதல், குப்புறப் படுத்துக் கையூன்றி எழுதல், பக்கவாட்டில் இடுப்பை நகர்த்துதல். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அந்தக் கேள்வி. செய்யும்போது வரும் வலி ஒன்று, எழுந்து நின்ற பிறகும் தங்கும் வலி வேறொன்று. தீர்ப்பு இரண்டாவதை வைத்துத்தான்.

பின்பக்க வளைவுதான் ஒத்துப்போகிறது என்று தெரிந்தால் வரிசை இப்படி: குப்புறப் படுத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பி, கைகளை உடம்போடு வைத்து 5 நிமிடம். பிறகு முழங்கையை ஊன்றி 5 நிமிடம். அதற்கப்புறம்தான் உள்ளங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி மேல் உடம்பைத் தூக்குவது. 10 தடவை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று செய்துவிட்டு "மெக்கென்சி பலிக்கலை" என்பவர்கள்தான் அதிகம். நடுவில் பத்து மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் காலையில் கிடைத்த பலன் எங்கே நிற்கும்?

தூக்குவதில் வரும் தவறுகள் மூன்று. பிட்டத்தை இறுக்குவது முதலாவது. இறுக்கினால் இடுப்பு கட்டிலில் படியாது, கீழ் முதுகு வளையவே வளையாது. இரண்டாவது, கையை விட்டுவிட்டு முதுகுத் தசையால் எழுவது. வேலை முழுக்கக் கைக்குத்தான், முதுகு துணிபோலத் தொங்க வேண்டும். மூன்றாவது, முழங்கையைப் பாதி மடக்கியபடியே இறங்கிவிடுவது. கடைசி இரண்டு மூன்று தடவையாவது கை முழுக்க நீண்டிருக்க, உச்சியில் மூச்சை வெளியே விட்டு வயிற்றைத் தொங்க விட்டால்தான் இறுதி எல்லை கிடைக்கும். கட்டிலில் மெத்தை குழிந்தால் அந்த எல்லை வராது. தரையில் பாய் போதும்.

பிசியோதெரபிஸ்ட், கோயம்புத்தூர்

சேலம் மேடம் எழுதிய வரிசைக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நோயாளியைச் சட்டையில்லாமல் நிற்க வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். தோள் ஒரு பக்கமும் இடுப்பு மறுபக்கமும் விலகி நிற்கிறதா? பெரும்பாலும் வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகத் தோள் சாய்ந்திருக்கும். இதைக் கவனிக்காமல் குப்புறப் போட்டு எழுப்பினால் வலி காலில் இன்னும் கீழே இறங்கும். முறை தப்பில்லை, வரிசைதான் தப்பு.

திருத்துவது இப்படி: தோள் எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கத்தில் நாம் நிற்க வேண்டும். நோயாளி அந்தக் கையின் முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வார். நம் தோளை அந்த முழங்கைமேல் பதித்து, இரண்டு கையாலும் அவர் இடுப்பின் மறுபக்கத்தைச் சுற்றிக் கோர்த்துப் பிடித்து, இடுப்பை நம் பக்கம் மெதுவாக இழுத்துத் தளர்த்த வேண்டும். 10 முதல் 15 தடவை. நேராக்கினால் மட்டும் போதாது, கொஞ்சம் மறுபக்கத்துக்கே போக வேண்டும். அந்தத் திருத்தம் நிலைத்தவுடன், அது கலையாமல் பின்பக்க வளைவைத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் சில பேருக்குத் தலைசுற்றும், மயக்கம் வரும். பக்கத்தில் கட்டில் இருக்கட்டும். வீட்டில் செய்ய: சுவரோரம் பக்கவாட்டில் நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டிச் சுவரில் சாய்த்து, இடுப்பைச் சுவர்ப் பக்கம் தள்ளித் தள்ளி விடுவது.

யாரிடமும் தொடங்குவதற்கு முன்னால் கேட்டே ஆக வேண்டியவை: சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, இரண்டு காலும் பலவீனமா, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய், சமீபத்தில் விழுந்த அடி. இதில் ஒன்று இருந்தாலும் கட்டிலைத் தொடக் கூடாது, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். முதல் மூன்றும் அதே நாளில்.

இயன்மருத்துவர், யாழ்ப்பாணம்

மெக்கென்சி என்றால் பின்னுக்கு வளைக்கிறது என்று மட்டும் நினைக்கிறவைக்காக இதை எழுதுறன். அவர் வலியை மூண்டாகப் பிரிச்சவர். கனநேரம் கூனி இருந்தால் மட்டும் வந்து, எழும்பினால் போற நாரிவலி (இடுப்புவலி) ஒண்டு. அதில ஒரு பழுதும் இல்லை, இருக்கிற விதத்தைத் திருத்தினால் சரி. ரெண்டாவது, பழைய காயம் ஆறி இழையம் (திசு) சுருங்கினது. இதில வலி அசைவின்ர கடைசி எல்லையில மட்டும் வரும், விட்டவுடன நிண்டுடும். மூண்டாவது டிரேஞ்ச்மென்ட், அதாவது மூட்டுக்குள்ள ஏதோ இடம் விலகி அசைவைத் தடுக்கிறது. சேலத்தில இருந்து எழுதினது இந்த வகையைப் பற்றித்தான், இதில மட்டும்தான் வலி இடம் மாறும், கெதியா மாறும்.

ரெண்டாவதுக்கும் மூண்டாவதுக்கும் விதி தலைகீழ். சுருங்கின இழையத்துக்குப் பயிற்சி செய்யேக்க வலி வரத்தான் வேணும். வராவிட்டால் இழையம் இழுபடவில்லை. ஆனால் விட்டுப் பத்து நிமிசத்துக்குள்ள அடங்க வேணும். அடங்காவிட்டால் கூடச் செய்துபோட்டார் எண்டு அர்த்தம். நாளைக்குப் பல தடவை எண்டு கிழமைக்கணக்கில போகும். இதை டிரேஞ்ச்மென்ட் எண்டு நினைச்சு ரெண்டு நாளில பலன் தேடினால் ஆளும் சோர்ந்துபோவார், நாங்களும் பிழையான முடிவு எடுப்பம்.

குனியும் திசைதான் சரிவாற ஆக்களும் இருக்கினம். வயது போனவை, கொஞ்சத் தூரம் நடந்தால் கால் உளைஞ்சு, குந்தினால் சுகம் எண்டால் முதுகெலும்புக்குள்ள நரம்பு போற குழாய் ஒடுக்கமாக இருக்கலாம். அவையளைப் பின்னுக்கு வளைச்சால் கூடத்தான் செய்யும்.

பிசியோதெரபி ஆசிரியர், மதுரை

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதற்குப் பக்கபலமாக ஒன்று. 2004-ல் வெளிவந்த ஒரு சோதனையில் முதுகுவலிக்காரர் 312 பேரைச் சோதித்தார்கள். 230 பேருக்கு, அதாவது 74 சதவீதத்துக்கு, ஏதோ ஒரு திசை வலியைக் குறைத்தது. அவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அந்தத் திசை, ஒன்றுக்கு எதிர்த்திசை, ஒன்றுக்குப் பொதுவான பயிற்சி என்று கொடுத்தார்கள். தங்கள் திசையில் செய்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். மற்ற இரண்டு குழுக்களிலும் மூன்றில் ஒரு பங்குப் பேர், குறையவில்லை அல்லது கூடிவிட்டது என்று இரண்டு வாரத்துக்குள் விலகினார்கள். இதை அச்சடித்து வகுப்பறைச் சுவரில் ஒட்டலாம். 'முதுகுவலிக்கு எக்ஸர்சைஸ் சார்ட்' என்று எல்லோருக்கும் ஒரே ஜெராக்ஸ் கொடுக்கும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது.

டிஸ்க்கின் நடுக்கூழ் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அவர் கொடுத்த விளக்கத்தை இன்று எல்லோரும் அப்படியே ஏற்பதில்லை. அது கற்பித்தலுக்கு வசதியான ஒரு படம். வலி நடுவுக்கு நகர்ந்தால் நல்லது என்ற கவனிப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆசிரியராக அவரிடம் நான் மிகவும் மதிப்பது விசையின் படிக்கட்டு. முதலில் நோயாளி தன் கையால், தன் உடம்பால். அது பாதியில் நின்றால் நோயாளியே இன்னும் அழுத்திச் செய்வது. அதற்குமேல்தான் பிசியோதெரபிஸ்டின் கை: எழும்போது இடுப்பின்மேல் உள்ளங்கை அழுத்தம். பிறகு மொபிலைசேஷன், அதாவது மூட்டைக் கையால் மெதுவாகத் திரும்பத் திரும்ப அசைத்துக் கொடுப்பது. நெட்டி முறிப்பதுபோலத் தள்ளுவது கடைசி, அதுவும் வெகு சிலருக்கு. நம் கிளினிக்குகளில் இந்தப் படிக்கட்டு தலைகீழாக நிற்கிறது. முதல் நாளே டிராக்ஷன் (இழுவை), ஐஎஃப்டி (மின்சாரம் செலுத்தும் சிகிச்சை), ஹீட், பத்து நாள் சிட்டிங். நோயாளி பத்து நாளும் நம் கட்டிலில் படுத்திருக்கிறார், தன் வலியைத் தானே அடக்க ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் போகிறார். மெக்கென்சி கிளினிக் வைத்துப் பிழைத்தவர்தான். ஆனாலும் 1980-லேயே நோயாளிகள் தாங்களே படித்துச் செய்துகொள்ளும்படி எளிய நடையில் ஒரு சின்னப் புத்தகம் எழுதி வெளியிட்டார். 1982-ல் பயிற்சிக்கென்று நிறுவனம் தொடங்கினார். அந்தப் பயிற்சிகளில் இன்றும் நிஜ நோயாளியை வகுப்பின் முன் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுக் காட்டுகிறார்கள். மாணவர்கள் கணிப்பைச் சொல்கிறார்கள், நோயாளியின் உடம்பு மறுநாள் பதில் சொல்கிறது.

வெளிநோயாளிப் பிரிவு, சேலம்

உட்காருவதைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நன்றாகக் கூனி உட்கார்ந்து, பிறகு இடுப்பை முழுக்க உள்வாங்கி நிமிர்ந்து, மறுபடி கூனி: 10 முதல் 15 தடவை, நாளைக்கு மூன்று வேளை. கடைசியில் முழு நிமிர்விலிருந்து பத்தில் ஒரு பங்கு தளர்த்தினால் அதுதான் சரியான உட்காரும் நிலை. விறைப்பாக உச்சியிலேயே உட்காரச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் களைத்துக் கூனிவிடுவார்கள்.

நாற்காலிக்கு ஒரு துண்டைச் சுருட்டிப் பெல்ட் கட்டும் உயரத்தில் வைத்தால் போதும். தடிமன் அதிகமானால் முன்னால் தள்ளும், மேலே ஏறினால் முதுகுப் பிடிப்பு வரும். துண்டு நழுவாமல் இரண்டு ரப்பர் பேண்ட். பைக்கில் தினம் ஒரு மணி நேரம் போகிறவர் வண்டியை நிறுத்தியதும் கையை இடுப்பில் ஊன்றி, முழங்கால் மடங்காமல் பின்னால் ஐந்தாறு தடவை வளைந்துவிட்டுத்தான் படியேற வேண்டும். சம்மணத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல வேண்டாம். வலி அடங்கும் வரை மட்டும் மணை அல்லது தலையணைமேல் உட்கார்ந்தால் இடுப்பு அவ்வளவு வளையாது.

பிசியோதெரபிஸ்ட், கோயம்புத்தூர்

வலி நின்றதும் எல்லோரும் மறப்பது, குனியும் அசைவைத் திரும்பக் கொடுப்பது. மெக்கென்சி இதை விட்டுவிடச் சொல்லவே இல்லை. பல நாள் தொடர்ந்து வலியே இல்லாமல் இருந்த பிறகு, மல்லாந்து முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது ஐந்தாறு தடவை. முடிந்த கையோடு குப்புறத் திரும்பிக் கையூன்றி எழுவது 10. காலில் எதுவும் இறங்கவில்லை, கையூன்றி எழுவது முன்போலவே முழுசாக வருகிறது என்றால் மறுநாள் 10 தடவை. தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் வேண்டாம். இரவு முழுக்க டிஸ்க் நீர் ஏறிப் பருத்திருக்கும். கோலம் போடுவதும் குடம் தூக்குவதும் அந்த நேரத்தில்தான் வரும் என்பதால், வீட்டுப் பெண்களிடம் இதைத் தனியாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.